ஒரே பெட்டி, இரு விலை: எஸ்பி அக்கூஸ்டிக்ஸ் டிரைவர்களும் சட்டோரி டிரைவர்களும்

போன மாதம்வரை ஆறு மாத காலம் என் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் அருகருகே நின்றுகொண்டிருந்தன. முன்பக்கத்தைத் துணியால் மூடிவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது. ஒரே தச்சர், ஒரே 18 மி.மீ. ப்ளைவுட்டை, ஒரே வரைபடத்தை வைத்து அறுத்துச் சேர்த்த பெட்டிகள் அவை. ஒவ்வொன்றும் 17 லிட்டர் கொள்ளளவும் 22 செ.மீ. அகலமும் கொண்டது, பின்புறம் ஒரு காற்றுக்குழாய் உண்டு. உள்ளே பொருத்திய டிரைவர்கள்தான் வேறு. முதல் ஜோடிக்கு வேண்டிய நான்கு டிரைவர்களுக்கு, சுங்கவரியும் அனுப்பும் செலவும் உட்பட, ஏறத்தாழ 28 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. இரண்டாவது ஜோடிக்கு வாங்கிய நான்கும் 1 லட்சத்து 35 ஆயிரத்தைத் தாண்டின. கூடுதலாகக் கொடுத்த அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்குக் காதுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்து உண்மையில் ஒலி எழுப்பும் உறுப்புக்குத்தான் டிரைவர் என்று பெயர். தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சொல் வேறு பொருள் தருகிறது. "நல்ல டிரைவர் என்றால் லட்ச ரூபாய் ஆகத்தான் செய்யும்" என்று நான் தொலைபேசியில் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட என் மாமியார், "கார் வாங்குவதற்கு முன்னாலேயே டிரைவரா, மாப்பிள்ளை?" என்று கவலையோடு விசாரித்தார்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை இரண்டும் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்தவை. இந்தோனேசியாவின் சுரபயா நகரில் உள்ள சினார் பாஜா தொழிற்சாலை எஸ்பி அக்கூஸ்டிக்ஸ் என்ற பெயரில் டிரைவர்களைத் தயாரிக்கிறது. வடிவமைப்பு டென்மார்க் பொறியாளர்களுடையது. அதே நிறுவனத்தின் உயர்விலை வரிசைக்குச் சட்டோரி என்று பெயர். என் முதல் ஜோடியில் எஸ்பி17என்ஆர்எக்ஸ் என்ற வூஃபரும் எஸ்பி26ஏடிசி என்ற அலுமினிய ட்வீட்டரும் இருக்கின்றன. இரண்டாவதில் சட்டோரி எம்டபிள்யூ16பி வூஃபரும், டிடபிள்யூ29 வரிசையைச் சேர்ந்த பெரிலியம் ட்வீட்டரும் உள்ளன. இரு வேறு நாட்டு நிறுவனங்களின் பொருள்களை எடுத்திருந்தால், காதில் விழும் வித்தியாசம் விலையால் வந்ததா, வடிவமைப்பாளரின் ரசனையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியிருந்திருக்காது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது விலை எங்கே போயிருக்கிறது என்பது ஓரளவு புரிகிறது. முதல் வூஃபரின் பின்னால் வட்டமான, கனத்த, கறுத்த ஃபெரைட் காந்தம் இருக்கிறது. சட்டோரியில் அந்த இடத்தில் சிறிய நியோடிமியம் காந்தம். அதனால் கோனின், அதாவது முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின், பின்புறம் காற்று தடையின்றிப் போய்வர நிறைய இடம் கிடைக்கிறது. இரண்டின் சட்டமும் வார்ப்பு அலுமினியம்தான். இரண்டின் கோனும் நார்க்கூழில் செய்தவை என்றாலும், சட்டோரியுடையது பாப்பிரஸ் நார் கலந்தது. நகத்தால் மெல்லச் சுண்டினால் 'டப்' என்று உடனே அடங்கிவிடுகிறது. ஆனால் நான் முக்கியமாகத் தேடியது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், முன்னும் பின்னும் ஓடும்போது அதற்குள் இருக்கும் இரும்பின் அளவு மாறிக்கொண்டே இருப்பதால் அதன் மின்தூண்டலும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணமும்) மாறுகிறது. விளைவாக, ஒரே வூஃபர் தவிலின் அடியையும் பாடகரின் குரலையும் சேர்த்து எழுப்பும்போது, அடியின் அசைவு குரலின் மேல் ஏறிக் குரலைக் கலக்குகிறது. காயிலின் நடுவே நிற்கும் இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு செப்பு உறை போட்டால் இது பெருமளவு அடங்கும். ஒரு காலத்தில் பெரும்பாலும் விலையுயர்ந்த டிரைவர்களில் மட்டுமே இருந்த அந்தச் செப்பு உறை, இப்போது இந்த மலிவான எஸ்பி17-இலும் இருக்கிறது. இந்த ஒரு செய்தியே என் மதிப்புரையின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாக. சட்டோரி டிரைவர்கள் வந்து சேர்ந்த நாளன்று பொறுமையில்லாமல், உள்ளூர்க் கடை ஒன்றில் வாங்கி வைத்திருந்த, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்துத் தரும் ஆயத்தக் கிராஸ்ஓவர் பலகையை இணைத்துவிட்டேன். 3,000 ஹெர்ட்சில் பிரிக்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. பாட்டு தொடங்கிய அரை நிமிடத்தில் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, ரேடியோவைப் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். கேட்டதில் தவறே இல்லை. வயலின் கீச்சிட்டது, பாடகியின் குரல் மூக்கடைத்தாற்போல் இருந்தது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒலித்தது. அருகில், ஒழுங்காக வடிவமைத்த கிராஸ்ஓவரோடு நின்ற 28 ஆயிரம் ரூபாய் ஜோடிக்கு மாற்றியபோது, மூடியிருந்த சன்னலைத் திறந்தாற்போல் இருந்தது.

இதில் டிரைவர்களின் குற்றம் எதுவும் இல்லை. கிராஸ்ஓவர் என்பது காயில்களும் கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் சேர்ந்த ஒரு சிறிய சுற்று. தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பங்கிட்டுத் தருவது அதன் வேலை. ஆயத்தப் பலகை, எதிரே இருக்கும் டிரைவர் எப்போதும் மாறாத 8 ஓம் தடை என்று எண்ணிக்கொண்டு கணக்கிடுகிறது. உண்மையான டிரைவரின் தடையோ அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். அது போதாதென்று, 22 செ.மீ. அகலப் பெட்டியில் சுமார் 500 ஹெர்ட்சுக்குக் கீழே ஒலி முன்பக்கம் மட்டும் நில்லாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுவதால், தாழ்ந்த ஒலி 6 டெசிபல் வரை மெலிந்துபோகும். அதைக் கிராஸ்ஓவரில் ஈடுகட்டாவிட்டால் எந்த விலை வூஃபரும் சோகையாகத்தான் ஒலிக்கும். மேல்பக்கத்தில் இன்னொரு சிக்கல்: 2,500 ஹெர்ட்சில் ஒலியின் அலைநீளம் 14 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, அதாவது வூஃபர் கோனின் விட்டம் ஏறத்தாழ அவ்வளவே. அந்த அதிர்வெண்ணுக்கு மேலே போனால் வூஃபரின் ஒலி டார்ச் விளக்கின் ஒளிபோல் குறுகி நேராகப் போகிறது. ட்வீட்டரோ அதே இடத்தில் அறை முழுவதும் பரப்புகிறது. இரண்டையும் எங்கே, எந்தச் சரிவில், இரண்டின் அலைகளும் ஒருசேர ஏறி இறங்க எந்த அலைக்கட்டத்தில் ஒட்டுவது என்பதில்தான் ஸ்பீக்கர் வடிவமைப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

அளவீட்டு மைக்கை மேசைக் கால் ஒன்றில் கட்டி, பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றி, காற்று ஓய்ந்த அதிகாலைகளில் பத்துப் பத்து பாகையாகத் திருப்பித் திருப்பி அளந்தேன். சட்டோரிக்கான கிராஸ்ஓவர் ஏழாவது முயற்சியில்தான் நிறைவு தந்தது. பெரிலியம் ட்வீட்டர் 29 மி.மீ. விட்டமுடையதாகையால் அதைச் சற்றுக் கீழே, 2,000 ஹெர்ட்சுக்கு அருகிலேயே, வூஃபரிலிருந்து ஏற்றுக்கொள்ளச் செய்ய முடிந்தது. விலை அதிகமான டிரைவரின் முதல் நன்மையை அங்கே கண்டேன்: அது வடிவமைப்பவனின் வேலையை எளிதாக்குகிறது. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஒலியளவைக் காட்டும் வளைகோடு நெளிவு குறைந்து வருகிறது, திருத்தவேண்டியது குறைகிறது. எஸ்பி ஜோடிக்குக் கூடுதலாக ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் தேவைப்பட்டன. அவற்றின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான்.

பிறகுதான் கேட்கும் சோதனை. கூடத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைத் துணித்திரை கட்டி, இரு ஜோடிகளின் ஒலியளவையும் கால் டெசிபலுக்குள் ஒப்பிட்டுச் சரிசெய்து, மாற்றும் சுவிட்சை மகன் கையில் கொடுத்தேன். கேட்டவர்கள் நான், என் மைத்துனர், கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிக்கும் பக்கத்து வீட்டு நண்பர் ஆகிய மூவர். முதல் நாள் மூவருமே ஒருமனதாக ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். தொப்பி ஒலி அதில் முழுமையாக இருப்பதாக மிருதங்கக்காரர் அடித்துச் சொன்னார். திரையை விலக்கியபோது அது எஸ்பி. மறுநாள் ஐயம் வந்து, இரு ஜோடிகளின் இடத்தையும் மாற்றி வைத்து அதே பாட்டுகளைப் போட்டேன். இந்த முறை மூவரும் சட்டோரியைத் தேர்ந்தெடுத்தோம். அதாவது நாங்கள் இரண்டு நாளும் தேர்ந்தெடுத்தது ஸ்பீக்கரை அன்று, தரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை! சுவரின் மூலையிலிருந்து அந்த இடத்துக்கு இருந்த தூரம் தாழ்ந்த ஒலியைச் சற்று உயர்த்திக்கொடுத்தது, முப்பது செ.மீ. நகர்வு செய்த மாற்றம் ஒரு லட்ச ரூபாய் செய்த மாற்றத்தை விழுங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பெட்டிகளை ஒரே இடத்தில் எடுத்து வைத்துக் கேட்டோம். வழக்கமாக வீட்டில் கேட்கும் அளவில், எங்கள் விடைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக இல்லை.

இது எங்கள் மூவரின் காதுக்குறை என்று சொல்லிவிடலாம். ஆனால் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிலாய்ட் டூல், அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவ் ஆகியோர் பல ஆண்டுகளாகச் செய்த வேலையும் இதே திசையில்தான் போகிறது. 2004-இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில், 70 ஸ்பீக்கர்களை எல்லாப் பக்கமும் அளந்து, அந்த வளைகோடுகளின் சமநிலை, சீர்மை, தாழ்ந்த ஒலி எவ்வளவு கீழே போகிறது என்பன போன்றவற்றை மட்டும் வைத்து, திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டவர்கள் எதை விரும்பினார்கள் என்பதை 0.86 என்ற ஒட்டுறவோடு (1 என்றால் முழுப் பொருத்தம்) முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. கோன் எந்தப் பொருளில் செய்தது, காந்தம் எது, டிரைவரின் விலை என்ன என்பவை அந்தச் சூத்திரத்தில் இல்லை, ஒலிச்சிதைவுகூட இல்லை. இதே இருவரும் 1994-இல், ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போதும் பார்க்காமல் கேட்கும்போதும் மதிப்பெண்கள் எப்படி மாறுகின்றன என்பதைக் காட்டியிருந்தார்கள்; அனுபவமுள்ள காதுகளும் கண்ணுக்குக் கட்டுப்பட்டே மதிப்பெண் போட்டன.

அப்படியானால் சட்டோரிக்குக் கொடுத்த பணம் வீணா என்றால், இல்லை. அதைக் காட்டியது நாகஸ்வரமும் தவிலும்.

உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் ஒலிப்பதிவில் அதிகம் அழுத்தப்படாத மங்கல இசைப் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. கோயில் முன்மண்டபத்தில் நின்று கேட்கும் உரத்தில் அதைப் போட வேண்டும் என்பது என் மைத்துனரின் நெடுநாள் ஆசை. ஒலியை உயர்த்த உயர்த்த, இரு ஜோடிகளும் முதன்முறையாகத் தெளிவாகப் பிரிந்தன. ஒலி 10 டெசிபல் ஏறவேண்டும் என்றால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அதே உரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டும் என்றால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓடவேண்டும். அவ்வளவு தூரம் ஓடும்போது காயில் காந்தப்புலத்தின் சீரான பகுதியைத் தாண்டத் தொடங்குகிறது. தாங்கும் நெளிதுணியும் விளிம்பு ரப்பரும் விறைக்கின்றன. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. காயிலின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் ஏறினால் அதன் தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். அதனால் மட்டும் ஒலி 3 டெசிபல் அளவுக்குக் குறையக்கூடும். எஸ்பி ஜோடியில் தவிலின் வலந்தலை அடிகள் ஒரு கட்டத்துக்கு மேல் உயராமல், கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள் போல ஒன்றோடொன்று நெருங்கின. நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயியில் ஒரு சிறு கரகரப்பு ஏறியது. சட்டோரி அதே அளவில் இன்னும் மூச்சு வாங்காமல் நின்றது. திரைக்குப் பின்னால் வைத்தும் இதை மூவரும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னோம். ஆறங்குல வூஃபரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த உரத்தை மேலும் இரண்டு படி ஏற்றியபோது சட்டோரியும் கையைத் தூக்கிவிட்டது. அங்கே வேண்டியது விலை கூடிய ஆறங்குலம் அன்று, விலை குறைந்த பத்தங்குலம்.

பெரிலியத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் ஒரு லட்சத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிற்று. பெரிலியம் அலுமினியத்தைவிட இலேசானது, மிக விறைப்பானது. அதற்குள் ஒலி பாயும் வேகம் அலுமினியத்தில் பாய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சாகையால் அதைக் கையாளும் தொழிற்சாலைக்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும். விலைக்கு அதுவும் ஒரு காரணம். இந்த விறைப்பால் கிடைக்கும் ஆதாயம், ட்வீட்டரில் அசைந்து ஒலி எழுப்பும் குமிழ் தன் வடிவம் குலையாமல் ஒரே துண்டாக அசையும் எல்லை மிக மேலே தள்ளிப் போவது. ஆனால் ஒழுங்காகச் செய்த 26 மி.மீ. அலுமினியக் குமிழின் ஒத்ததிர்வே 20,000 ஹெர்ட்சுக்கு மேலேதான் வருகிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. 13,000 ஹெர்ட்சுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்பதில்லை என்பதைக் கணினியில் சோதித்து அறிந்துகொண்டேன். மாடத்தில் ஏற்றிய விளக்கை வௌவால் வந்து பார்த்துப் பாராட்டினால் உண்டு. தம்புராவின் ஜீவநாதத்தை, அந்த இழையிழையான ரீங்காரத்தை, இரண்டு ட்வீட்டர்களும் ஒரே நேர்த்தியோடு தந்தன.

கோனுக்கு உலோகம் போடுவதும் இதுபோல் இருபுறமும் வெட்டும் விஷயம். நார்வேயின் சியாஸ் நிறுவனத்தின் எக்ஸல் வரிசை மெக்னீசியக் கோன்கள் ஸ்பீக்கர் கட்டுபவர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றவை. மெக்னீசியக் கோன் தன் எல்லைவரை சிறிதும் வளையாமல் அசைகிறது; எல்லையைத் தாண்டியதும், ஆறங்குல அளவில் சுமார் 5,000 ஹெர்ட்சில், வெண்கல மணிபோல் கணீரென்று அதிர்கிறது. அந்த மணியை ஒரு தனிச் சுற்றால் கட்டிப்போட்டாக வேண்டும். கட்டிப்போட்டாலும், அதன் மூன்றில் ஒரு பங்கான 1,700 ஹெர்ட்ஸ் அருகில் எழும் ஒலியின் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அதன் மும்மடங்கு அதிர்வெண்ணில் எழும் துணையொலி, நேராகப் போய் அந்த மணியில் அடிக்கும். குரலின் நட்டநடுவில் சிதைவு ஏறும். தெரிந்தவர் கையில் அது அற்புதமான டிரைவர். ஆயத்தப் பலகையோடு இணைப்பவர் கையில் பத்தில் ஒரு பங்கு விலையுள்ள காகிதக் கோனே மேல்.

மலிவான, அல்லது குறைந்தபட்சம் சாதாரணமான, டிரைவர்களிலிருந்து நல்ல கைகள் எதைப் பிழிந்தெடுக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1970-களின் நடுவில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, பெட்டி அளவில் சுமார் 5 லிட்டர்தான். அதில் இருந்தவை கெஃப் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். இரண்டுமே கடையில் வாங்கக் கிடைத்தவை. பணமும் உழைப்பும் போனது கிராஸ்ஓவரில்: அந்தச் சிறு பெட்டிக்கு அது மிகச் சிக்கலான சுற்று. மெல்லிய பலகையின் அதிர்வை அடக்குவதிலும், ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளித் துணி ஒட்டுவதிலும் மீதி உழைப்பு போயிற்று. ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்கிறது. முதலில் எல்எஸ்3/5 என்று மட்டும் பெயர் வைத்திருந்த அந்த வடிவமைப்பைத் திருத்தி 'ஏ' சேர்க்க நேர்ந்ததற்குக் காரணமே, கெஃப் தன் டிரைவர்களின் தயாரிப்பில் செய்த மாற்றங்கள்தான். இன்று வாங்குவதும் அடுத்த ஆண்டு வாங்குவதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது டிரைவரிடம் எதிர்பார்க்கவேண்டிய முதல் குணம். பல ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத நிறுவனம் ஒன்றின் மிக மலிவான ட்வீட்டர்களை நான்கு வாங்கினேன். நான்கும் நான்கு விதம், இரண்டுக்கிடையே 3 டெசிபல் வித்தியாசம். இடது வலது ஒத்துப்போகாவிட்டால் பாடகர் மேடையின் நடுவில் உட்காரமாட்டார். எஸ்பி, சட்டோரி இரண்டிலும் ஜோடிகள் அரை டெசிபலுக்குள் ஒத்திருந்தன. மலிவு என்பதற்கும் ஒரு தரை இருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே போனால் எந்தக் கிராஸ்ஓவரும் காப்பாற்றாது.

நம் காலத்துச் சாட்சி ஆண்ட்ரூ ஜோன்ஸ். கெஃப் நிறுவனத்தில் தொழில் பழகிய இந்த ஆங்கிலேயப் பொறியாளர், பயனியர் குழுமத்தின் டாட் பிரிவுக்காகப் பெரிலியம் டிரைவர்களோடு பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்தார். 2012 வாக்கில் அதே பயனியருக்காக, அமெரிக்காவில் ஜோடி 130 டாலர் அளவில் விற்ற எஸ்பி-பிஎஸ்22 (என் எஸ்பி டிரைவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை) என்ற சிறு ஸ்பீக்கரையும் வடிவமைத்தார். நான்கங்குல வூஃபர், ஓரங்குலத் துணிக்குமிழ் ட்வீட்டர், சற்றே வளைந்த பெட்டி. அந்த விலையில் பலர் ஒரே ஒரு கெபாசிட்டரோடு கைகழுவிவிடும் இடத்தில் அவர் ஆறு உறுப்புகள் கொண்ட கிராஸ்ஓவரை வைத்தார். இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே மனம் வடிவமைத்ததால், விலையின் வேலை எது, அறிவின் வேலை எது என்று பிரித்துப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. சிறியதால் பெரியதைப்போல் உரக்கவும் ஆழமாகவும் ஒலிக்க முடியாது. அறிவு கொடுக்கக்கூடியதை அது குறைவின்றிக் கொடுத்தது.

காட்சிக்கூடங்களில் நடத்தும் ஒப்பீடுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சென்ற ஆண்டு ஒரு கடையில் விற்பனையாளர் முதலில் இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரையும் பிறகு ஆறு லட்ச ரூபாய் ஸ்பீக்கரையும் ஒலிக்கச் செய்து, "ஐயாவுக்கே வித்தியாசம் தெரியுமே" என்றார். தெரியத்தான் செய்தது. ஆம்ப்ளிஃபயரின் குமிழை அவர் தொடவே இல்லை. ஆறு லட்சத்தின் உணர்திறன், அதாவது ஒரே மின்திறனுக்கு எழுப்பும் ஒலியளவு, சில டெசிபல் அதிகமாகையால் அது உரக்க ஒலித்தது. சற்று உரக்க ஒலிப்பதை நம் காது உரமென்று அறிவதில்லை, தெளிவு என்றும் ஆழம் என்றும் எண்ணிக்கொள்கிறது. என் கைப்பேசியில் இருந்த அளவியைக் காட்டி, இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் போடச் சொன்னேன். அவர் தேநீர் சொல்லப் போய்விட்டார்.

வாங்க நினைப்பவருக்கு என் தீர்ப்பு இது. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறையில், அடுத்த வீட்டார் சுவரைத் தட்டாத உரத்தில், எட்டு ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு, செப்பு உறையும் வார்ப்புச் சட்டமும் நம்பகமான ஒழுங்கும் உள்ள நடுத்தர டிரைவர் போதும். மிச்சப் பணத்தை நல்ல கிராஸ்ஓவர் வடிவமைப்புக்கும் கனமான பெட்டிக்கும் சன்னல் திரைக்கும் தரை விரிப்புக்கும் செலவிடலாம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: விளிம்பு ரப்பராக இருக்கட்டும். நுரைவிளிம்பு வைத்த பழைய வூஃபர்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியவையாக இருந்தாலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. பெரிய கூடமும் உரத்த இசையும் உள்ளவர் டிரைவருக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். அப்போதும் பணத்தை முதலில் வூஃபரில் போடவேண்டும், ட்வீட்டரின் உலோகத்தில் போடுவது கடைசியாக.

சட்டோரி ஜோடியைப் போன மாதம் மைத்துனர் பொள்ளாச்சிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தோட்டத்து வீட்டின் கூடம் முப்பதடி நீளம். பக்கத்தில் தென்னைகளைத் தவிர ஆளில்லை. தவிலை அவர் விரும்பும் உரத்தில் அங்கே போடலாம். என் கூடத்தில் 28 ஆயிரம் ரூபாய் ஜோடி இருக்கிறது, மூலையிலிருந்து சரியாக எழுபது செ.மீ. தள்ளி, தரையில் நான் பென்சிலால் குறித்துவைத்த இடத்தில்.